கூகுளை விட்டா எதுல தேடறது? தமிழ்ல தேடறவங்களுக்கு ஒரு ஒப்பீடு

கூகுளை விட்டுட்டு வேற எதுலயாவது தேடலாமான்னு கேக்கறவங்ககிட்ட நான் முதல்ல திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான், நீங்க தமிழ்ல தேடறவரா இங்கிலீஷ்ல தேடறவரா? இதைக் கேக்காம யார் என்ன சிபாரிசு பண்ணாலும் அது பாதிக்குத்தான் சரி. வெளிநாட்டுல உக்காந்து இங்கிலீஷ்ல நாலு விஷயம் தேடிப் பாத்துட்டு "சூப்பரா இருக்கு, மாறிடுங்க"ன்னு சொல்றவங்க பேச்சைக் கேட்டு இங்க மன்னார்குடியில ஒருத்தர் மாத்திட்டு, "மேட்டூர் அணை நீர்மட்டம் இன்று"ன்னு அடிச்சா ரெண்டு வருசத்துக்கு முந்தின செய்தி மேல வந்து நிக்கலாம். ஜூன் 12 தொறப்பாங்களா மாட்டாங்களா, நாத்தங்கால் போடலாமா கொஞ்சம் பொறுக்கலாமான்னு யோசிச்சிக்கிட்டு இருக்கறவருக்கு அது எதுக்கு ஆகும்.

மாறணும்னு வர்றவங்களுக்கு ரெண்டு காரணம் இருக்கு, ரெண்டும் வேற வேற.

ஒண்ணு, ரிசல்ட் கெட்டுப்போச்சுங்கற கடுப்பு. கம்ப்யூட்டர் சென்டர்ல அரை மணி நேரம் உக்காந்து பாத்தா தெரியும். பட்டா சிட்டா எடுக்க வேண்டியது தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் தளத்துல, அந்த ஒரு லிங்க் போதும், ஆனா அதைச் சுத்தி "பட்டா சிட்டா ஆன்லைனில் எடுப்பது எப்படி"ன்னு ஒரே சங்கதியை இழுத்து இழுத்து எழுதி பத்திக்குப் பத்தி விளம்பரம் சொருகின பக்கங்களா வரும், அவசரத்துல வர்றவங்க அதுல எதையாவது அமுக்கிட்டு "என்னங்க இது ஆதார் கேக்குது, குடுக்கலாமா"ம்பாங்க. கஸ்டமர் கேர் நம்பர் தேடறது அதை விட மோசம். மேல இருக்கற விளம்பரத்துல வந்த நம்பருக்கு போன் போட்டு ஓடிபி சொல்லிட்டு காசை விட்டவங்க இல்லாத ஊரே கிடையாது. போதாக்குறைக்கு 2024லேந்து ஏஐ சுருக்கம் வேற மேல வந்து குந்திக்கிச்சு.

இன்னொண்ணு, பின்னாடியே வர்ற விளம்பரம். எங்க சித்தப்பா ஒரு ராத்திரி குறுவைச் செலவுக்கு நகைக்கடன் வட்டி எவ்வளவுன்னு போன்ல தேடியிருக்கார், வீட்டுல யாருக்கும் சொல்லல. மறுநாள்லேந்து அந்த போன்ல எதைத் தொறந்தாலும் கடன் விளம்பரம். அதை எடுத்து கேம் ஆடிக்கிட்டு இருந்த பேத்தி, "தாத்தா, உனக்கு லோன் வேணுமாமே"ன்னு கூடத்துல எல்லாரும் இருக்கறப்ப கேட்டுருச்சு. "என்னடா தம்பி, நான் மனசுல நெனைச்சது இதுக்கு எப்படிடா தெரியும்"னார். மனசுல நெனைச்சது தெரியாது சித்தப்பா, நீங்க அடிச்சது தெரியும்னேன்.

தேடினதை வச்சு ஆளைக் கண்டுபிடிக்க முடியுமான்னு சிலருக்கு சந்தேகம் வரும். 2006லயே அது நடந்துருச்சு. அமெரிக்காவுல ஏஓஎல் கம்பெனி ஆராய்ச்சிக்குன்னு சொல்லி சுமார் ஆறரை லட்சம் பேரோட மூணு மாச தேடலை, பேரை எடுத்துட்டு வெறும் நம்பர் மட்டும் போட்டு வெளியில விட்டுச்சு, நியூயார்க் டைம்ஸ் ஆளுங்க அந்தத் தேடல்களை மட்டும் படிச்சே ஜார்ஜியாவுல இருக்கற ஒரு வயசான அம்மாவோட வீட்டு வாசல்ல போய் நின்னுட்டாங்க. இன்காக்னிட்டோ இருக்கேன்னு நெனைக்கறவங்களுக்கு, அது உங்க போன்ல ஹிஸ்டரி நிக்காம பாத்துக்கும், அவ்வளவுதான். இன்காக்னிட்டோல இருந்தப்பவும் தகவல் சேத்தாங்கன்னு 2020ல கூகுள் மேல அமெரிக்காவுல வழக்கு போட்டு, 2024ல சேத்து வச்ச பதிவுகளை அழிக்கறோம்னு சமரசத்துல முடிஞ்சுது.

இப்ப மாத்து என்னென்ன இருக்குன்னு பாக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும், அது தெரிஞ்சா பாதி குழப்பம் தீந்துடும். தேடுபொறின்னு பேர் நிறைய இருந்தாலும், வெப் முழுக்க சுத்தி பக்கங்களைச் சேத்து வச்சிருக்கற இண்டெக்ஸ் பெருசா வச்சிருக்கறவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். கூகுள், மைக்ரோசாஃப்ட்டோட பிங், ரஷ்யாவோட யாண்டெக்ஸ், சீனாவோட பைடு, அதுக்கப்புறம் அளவுல சின்னதா பிரேவ், மோஜீக் மாதிரி சிலது. மத்தது நிறைய இவங்ககிட்ட வாங்கித் தர்றதுதான். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறுன்னு பேர் எத்தனை இருந்தாலும் மேட்டூர்ல தொறந்தாத்தானே எல்லாத்துலயும் தண்ணி, அந்தக் கணக்குதான் இது. அதனால ஒரு தேடுபொறியைப் பத்தி முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இது யாரோட இண்டெக்ஸ், ரெண்டாவது கேள்வி நான் அடிச்சதை யார்கிட்ட குடுக்கறான்.

டக்டக்கோதான் எல்லாருக்கும் தெரிஞ்ச பேர். 2008ல அமெரிக்காவுல கேப்ரியல் வெய்ன்பெர்க் ஆரம்பிச்சது. ரிசல்ட் பெரும்பாலும் பிங்கோடது, கூட தன்னோட குட்டி கிராலரும் (வெப்ல சுத்தி பக்கம் சேக்கற புரோகிராம்) விக்கிபீடியா மாதிரி சில இடங்களும் சேத்துக்கும். ஐபியையும், அதாவது நெட்ல உங்க இணைப்போட முகவரி எண்ணையும், தேடினதையும் சேத்து முடிச்சு ஆள் வாரியா வச்சுக்கறது இல்லைங்கறது அவங்க கொள்கை, விளம்பரம் உண்டு ஆனா அது நீங்க இப்ப அடிச்ச வார்த்தைக்கு வர்றது, போன வாரம் என்ன தேடினீங்கங்கறதுக்கு வர்றது இல்ல. கறை ஒண்ணு இருக்கு, 2022ல அவங்களோட பிரவுசர்ல மைக்ரோசாஃப்ட்டோட டிராக்கர், அதாவது நீங்க எங்கெங்க போறீங்கன்னு பின்தொடர்ற கோடு, சிலதை மட்டும் தடுக்காம விட்டிருந்தாங்கன்னு ஒரு ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சார், அப்புறம் அதே வருசம் ஆகஸ்ட்ல சரி பண்ணாங்க. அது பிரவுசர் சம்பந்தப்பட்டது, தேடுபொறி சம்பந்தப்பட்டது இல்லன்னாலும் பேரு கொஞ்சம் அடிபட்டுச்சு. நம்ம நாட்டுலயே 2020 ஜூலையில சில நாள் டக்டக்கோ பல நெட் கம்பெனிகள்ல திறக்காம போய் அப்புறம் வந்துச்சு.

டக்டக்கோல எனக்குப் பிடிச்சது ரிசல்ட் இல்ல, பேங்தான். தேடற வார்த்தையோட ஆச்சரியக்குறி போட்டு டபிள்யூ சேத்தா நேரா விக்கிபீடியா, ஒய்டி சேத்தா யூடியூப், ஜி சேத்தா கூகுள். பழகிட்டா விட முடியாது. ஆனா தமிழ்ல டைப் பண்ணிட்டு அந்த ஒரு எழுத்துக்காக கீபோர்டை இங்கிலீஷுக்கு மாத்தணும், திரும்ப மாத்தணும், போன்ல அது ஒரு ரோதனை. அப்புறம் ஜி போட்டு கூகுளுக்குப் போனா அங்க போனப்புறம் நீங்க கூகுள் வாடிக்கையாளர்தான், டக்டக்கோ மறைச்சு வைக்காது, இதைத் தெரியாமலே நிறைய பேர் ஜி போட்டுக்கிட்டு இருக்காங்க.

ஸ்டார்ட்பேஜ் நெதர்லாந்து கம்பெனி. இவங்க முக்கியமா கூகுள்கிட்ட காசு குடுத்து ரிசல்ட் வாங்கி, உங்க ஐபியைக் கழட்டிட்டு உங்ககிட்ட தர்றாங்க. அதாவது பெரும்பாலும் கூகுளோட ரிசல்ட், ஆனா கேட்டது யாருன்னு கூகுளுக்குத் தெரியாது. தமிழ்ல தேடறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு கீழ சொல்றேன். ஒவ்வொரு ரிசல்ட் பக்கத்துலயும் அனானிமஸ் வியூன்னு ஒண்ணு இருக்கும், அதை அமுக்கினா அந்தத் தளத்தையும் அவங்க சர்வர் வழியாவே தொறந்து காட்டும், மெதுவாத்தான் இருக்கும், ஆனா உடம்பு சம்பந்தமா ஏதாவது தேடிப் படிக்கறப்ப நல்லது. இதுக்கும் கறை உண்டு. 2019ல சிஸ்டம்1ங்கற அமெரிக்க விளம்பர கம்பெனி இதுல பணம் போட்டிருக்குன்னு தெரியவந்தப்ப பிரைவசி ஆளுங்க நிறைய பேர் முகம் சுளிச்சாங்க, அப்புறம் கம்பெனி விளக்கம் குடுத்துச்சு, சிலர் ஏத்துக்கிட்டாங்க சிலர் இன்னும் ஏத்துக்கல. இன்னொரு குறை, நம்ம ஊர்ல மொபைல் நெட்ல ஒரே ஐபி வழியா ஏகப்பட்ட பேர் போறதால இந்த மாதிரி தளங்கள் சில நேரம் நீ மனுசனா மெசினான்னு கேட்டு நிறுத்தும்.

பிரேவ் சர்ச் இதுல தனி ரகம், ஏன்னா யார்கிட்டயும் கை நீட்டாத இண்டெக்ஸ். ஜெர்மனியில கிளிக்ஸ்னு ஒரு கம்பெனி மூடினப்ப அதோட தேடுபொறி வேலையை 2021ல வாங்கி, அந்த வருசம் ஜூன்லயே பீட்டா விட்டாங்க, 2023ல பிங்கை முழுசா விட்டுட்டாங்க. இங்கிலீஷ்ல புரோகிராமிங், மொபைல் ரிப்பேர், கேமரா, மருந்து பேர் இப்படித் தேடறவங்களுக்கு நான் கண்ணை மூடிக்கிட்டு சொல்றது இதைத்தான், சில நேரம் கூகுளை விட சுத்தமா இருக்கும். காகிள்ஸ்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதுல எந்தத் தளம் மேல வரணும் எது கீழ போகணும்னு நாமளே விதி எழுதி வச்சுக்கலாம். ஏஐ பதில் இதுலயும் வரும், பிடிக்கலன்னா செட்டிங்ஸ்ல அணைச்சிடலாம். பிரேவ் கம்பெனி பிரவுசர்ல 2020ல சில கிரிப்டோ தள முகவரிகளை அடிச்சா தன்னோட கமிஷன் கோடை ஒட்டி அனுப்பினது மாட்டி மன்னிப்பு கேட்டாங்க, அதுவும் தெரிஞ்சிருக்கட்டும். ஆக இந்த மூணுல ஒருத்தரும் பால்ல குளிச்சவங்க இல்ல. அதுக்காக எல்லாரும் ஒண்ணுதான்னு கூகுள்லயே உக்காந்துக்கறதும் சரியில்ல, தப்பு பண்ணி மாட்டிக்கிட்டு திருத்தினவனும் தொழிலே உங்களைக் கவனிக்கறதுதான்னு இருக்கறவனும் எப்படி ஒண்ணாவாங்க.

காசு குடுத்து தேடறதுன்னா காகி. விளம்பரமே கிடையாது, பிடிக்காத தளத்தை ஒரே அமுக்குல நிரந்தரமா துரத்திடலாம், மேல சொன்ன இழுத்து இழுத்து எழுதின பட்டா சிட்டா பக்கங்களை எல்லாம் ஒவ்வொண்ணா துரத்தறது தனி சொகம். முதல் 100 தேடல் இலவசம், அப்புறம் மாசம் 5 டாலருக்கு 300 தேடல், 10 டாலருக்கு அளவே இல்ல. 10 டாலர்ங்கறது நம்ம காசுல 800 ரூபாய்க்கு மேல, தேடறதே பொழப்பா இருக்கறவங்களுக்கு சரி, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கற பிள்ளைக்கு மாசா மாசம் எங்கேந்து வரும். வெளிநாட்டு கம்பெனிக்கு நம்ம டெபிட் கார்டுல மாசா மாசம் தானா போற மாதிரி வைக்கறதும், 2021ல ரிசர்வ் பேங்க் விதி மாறினதுலேந்து அவ்வளவு சுலபம் இல்ல. இதே மாதிரி காசு வாங்கிக்கிட்டு விளம்பரம் இல்லாம நடத்தறேன்னு ஐஐடி மெட்ராஸ்ல படிச்சு கூகுள்ல விளம்பரத் துறையையே தலைமை தாங்கி நடத்தின ஸ்ரீதர் ராமசாமி நீவான்னு ஒண்ணு ஆரம்பிச்சார், 2023ல மூட வேண்டியதாப் போச்சு. நல்ல தேடுபொறி கட்டறது கூட முடியுது, ஜனங்களை டீஃபால்ட்டை, அதாவது போன்ல முதல்லேந்தே இருக்கற தேடுபொறியை, மாத்த வைக்கறதுதான் முடியலங்கற மாதிரி அவரே சொல்லியிருக்கார். அது சும்மா சொன்னது இல்ல, போன்லயும் பிரவுசர்லயும் டீஃபால்ட்டா இருக்கறதுக்காக கூகுள் 2021 ஒரு வருசத்துல மட்டும் 2,630 கோடி டாலர் குடுத்துச்சுன்னு அமெரிக்க கோர்ட்லயே வெளியில வந்துச்சு, 2024 ஆகஸ்ட்ல நீதிபதி அமித் மேத்தா இது ஏகபோகம்னு தீர்ப்பே எழுதிட்டார்.

மத்ததை வேகமா பாத்துடலாம். ஈகோசியா மரம் நடறவங்க, க்வாண்ட் பிரான்ஸ்காரங்க, ரெண்டும் ரொம்ப காலம் பெரும்பாலும் பிங்கை நம்பியே ஓடினது, இப்ப ரெண்டு பேரும் சேந்து ஐரோப்பாவுக்குன்னு தனி இண்டெக்ஸ் கட்ட ஆரம்பிச்சிருக்காங்க, நல்ல முயற்சிதான் ஆனா அது பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும். மோஜீக் இங்கிலாந்து, 2004லேந்து சொந்தமா கட்டிக்கிட்டு வர்றாங்க, மரியாதை உண்டு, தமிழுக்கு ஆகாது. யாண்டெக்ஸ் படத்தை வச்சு தேடறதுல கெட்டி, பிரைவசிக்காகப் போறவங்க போற இடம் இல்ல. சர்க்ஸ்என்ஜி நீங்களே சர்வர்ல ஏத்தி நடத்தற ஓப்பன் சோர்ஸ் ஆளு, பல தேடுபொறிகளைக் கேட்டு கலந்து தரும், லினக்ஸ் தெரிஞ்ச பசங்களுக்கு நல்ல விளையாட்டு.

இப்ப தமிழுக்கு வருவோம், இங்கதான் ஆட்டமே மாறுது. தமிழ்ல எழுதின பக்கங்களே இங்கிலீஷை ஒப்பிட்டா கொஞ்சம், அதையும் சின்ன இண்டெக்ஸ்காரங்க முழுசா சேத்திருக்க மாட்டாங்க, சேத்ததையும் அடிக்கடி போய் புதுப்பிக்க மாட்டாங்க. அதனாலதான் அந்த நீர்மட்டம் பிரச்சனை, நாளிதழ் தளத்துல காலையில போட்ட செய்தி கூகுள்ல சீக்கிரமா வந்துடும், மத்ததுல பழசு மேல நிக்கும். அடுத்தது நம்ம மொழி ஒட்டிக்கிட்டே போறது, பட்டுக்கோட்டை, பட்டுக்கோட்டையில், பட்டுக்கோட்டைக்கு, பட்டுக்கோட்டையிலிருந்து எல்லாம் ஒரே ஊர்னு மெசினுக்குப் புரியணும், புரியாத இடத்துல நீங்க அடிச்ச உருவத்துல எழுதின பக்கம் மட்டும்தான் வரும். மூணாவது, நம்மாளுங்க பாதி பேர் தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறது. இதையும் புரிஞ்சுக்கறதுல கூகுள் ரொம்ப முன்னாடி, இத்தனை கோடி இந்தியர்கள் அப்படித் தேடித் தேடியே அதுக்கு சொல்லிக் குடுத்திருக்காங்க.

நீங்களே சோதிச்சுப் பாக்கணும்னா "சென்னை" "ரஜினி"ன்னு அடிக்காதீங்க, அது எதுல அடிச்சாலும் வரும். உங்க வேலையில நெஜமா தேடறதை அடிங்க. நான் அடிக்கறது, நெல்லுல புகையான் மருந்து, ஆடுதுறை 53 எத்தனை நாள் பயிர், குறுவை தொகுப்புத் திட்டம், மயிலாடுதுறை திருச்சி ரயில் நேரம், இப்படி. ஒரு தேடுபொறியில புகையான்னு மட்டும் அடிச்சதுக்கு புகை பிடிக்கறதை நிறுத்துவது எப்படின்னு வந்துச்சு, பேர் சொல்லல, பாவம் அதுக்கு தூர் பக்கம் ஒக்காந்து சாறு உறிஞ்சற பூச்சியைப் பத்தி யார் சொல்லியிருப்பா. புகையானுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தோட பக்கம் முதல் அஞ்சுல வருதா, இல்ல மருந்து விக்கறவன் பக்கம் மட்டும் வருதா, இதை வச்சே தேடுபொறியை எடை போட்டுடலாம். இந்த சோதனையில ஸ்டார்ட்பேஜ் ஜெயிக்குது, காரணம் உள்ள ஓடறது கூகுள். டக்டக்கோல ரீஜனை இந்தியான்னு மாத்தி வச்சா பரவாயில்ல, மாத்தாம தேடினா பாதி விளங்காது. பிரேவ் பெரிய செய்தி, விக்கிபீடியா, அரசுத் தளம் வரைக்கும் சரியா வரும், உள்ளூர் சங்கதின்னு இறங்கினா தடுமாறும்.

குரல்ல தேடறவங்களை மறந்துடக் கூடாது, எங்க பக்கம் அம்பது வயசுக்கு மேல பாதி பேர் மைக்கை அமுக்கிப் பேசித்தான் தேடறாங்க. கூகுளை விட்டா பேச முடியாதேன்னு கவலை வேணாம், கீபோர்டுலயே தமிழ் மைக் இருக்கு, எந்தத் தேடுபொறியோட கட்டத்துலயும் அதுல பேசலாம். ஆனா பெரும்பாலான போன்ல இருக்கற அந்தக் கீபோர்டு கூகுளோடது, அதையும் தெரிஞ்சுக்கிட்டே பேசுங்க.

அப்புறம் யார்கிட்டேந்து மறைக்கணும்ங்கறது. தேடுபொறியை மாத்தினா தேடுபொறி கம்பெனி உங்களை எடை போடறது குறையும், அது மட்டும்தான். நெட் கம்பெனிக்கு நீங்க என்ன அடிச்சீங்கன்னு தெரியாது, ஆனா எந்தெந்தத் தளத்துக்குப் போனீங்கன்னு பொதுவா தெரியும். ரிசல்ட்டை அமுக்கி உள்ள போன தளம் தன் பங்குக்கு டிராக்கர் வச்சிருக்கும், அதுக்கு ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்ல யூபிளாக் ஆரிஜின்ங்கற விளம்பரமும் டிராக்கரும் தடுக்கற ஆட்-ஆனைப் போட்டுக்கணும், ஆண்ட்ராய்டு போன்லயே போடலாம். வீட்டு ஆளுங்ககிட்டேந்து மறைக்கணும்னா இது எதுவுமே உதவாது. ஒரே போனை அப்பா, அம்மா, பொண்ணு மூணு பேரும் வச்சிருக்கற வீட்டுல, வயசுக்கு வந்த பொண்ணு டாக்டர்கிட்ட கேக்கத் தயங்கற ஒண்ணைத் தேடுதுன்னா அதுக்கு வேண்டியது மூடினதும் எல்லாத்தையும் அழிக்கற பிரவுசர், டக்டக்கோ ஆப்ல நெருப்பு பட்டன் இருக்கு, ஃபயர்ஃபாக்ஸ் ஃபோகஸ் இருக்கு. இதைப் பத்தி யாரும் பேசறது இல்ல, ஆனா எங்க ஊர்ல பிரைவசின்னா முதல்ல இதுதான்.

ஆக என்னைக் கேட்டா, போன்ல பெரும்பாலும் தமிழ்லயும் உள்ளூர் சங்கதியும் தேடறவங்க ஸ்டார்ட்பேஜை டீஃபால்ட்டா வைங்க. கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ்ல படிப்பு, வேலைன்னு தேடறவங்க பிரேவை வச்சுக்கிட்டு, தமிழ் வேணும்ங்கறப்ப ஆச்சரியக்குறியோட ஸ்டார்ட்பேஜ் பேரைப் போட்டு அங்க தாவுங்க, பேங் பிரேவ்லயும் வேலை செய்யும். டக்டக்கோ ரெண்டுக்கும் நடுவுல, ஒரே ஒரு மாத்தம்தான் பண்ணுவேன் வேற எதையும் நோண்ட மாட்டேங்கறவங்களுக்கு அது போதும். வழி கண்டுபிடிக்கறதுக்கு மட்டும் கூகுள் மேப்பை விட முடியாது, டக்டக்கோ காட்டறது ஆப்பிள் மேப், நம்ம பக்கம் டீக்கடையும் ரைஸ்மில்லும் தன் பேரைப் பதிஞ்சு வச்சிருக்கறது கூகுள்லதான். குரோம்ல மாத்தணும்னா அந்தத் தேடுபொறித் தளத்துக்கு ஒரு தடவை போய் எதையாவது தேடிட்டு வந்து, மூணு புள்ளி, செட்டிங்ஸ், சர்ச் என்ஜின்னு போனா பட்டியல்ல வந்திருக்கும்.

இவ்வளவும் படிச்சிட்டு இல்லப்பா நான் கூகுள்லயே இருந்துக்கறேன்னு சொல்றவங்களுக்கும் வழி இருக்கு. கூகுள் அக்கவுண்ட்ல வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டின்னு இருக்கறதை அணைங்க, மனசு வரலன்னா மூணு மாசத்துக்கு மேல ஆனது தானா அழியற மாதிரி வைங்க. ரிசல்ட் பக்கத்துல மேல மோர்ங்கறதுக்குள்ள வெப்னு ஒரு டேப் இருக்கும், அதை அமுக்கினா ஏஐ சுருக்கம் எல்லாம் போய் பழைய மாதிரி வெறும் லிங்க் வரும். யூடியூப் ஹிஸ்டரிக்கு சுவிட்ச் தனி, இதை அணைச்சா அது அணையாது, அதையும் போய் அணைச்சுட்டு வந்துடுங்க.